பவர்ஆஃப் கொடுத்தால் என் புரோகிராம் சில சமயம் ஒழுங்காக நிற்கிறது, பல சமயம் பாதியில் சாகிறது

கேத்தி காளான்காரி எழுதியது:

நீலகிரி மலையில் கேத்தியில் வீட்டுக்குப் பின்பக்கம் மூன்று அறை போட்டு அம்மாவும் நானும் மொட்டுக் காளான் வளர்க்கிறோம். காளான் எழும்பும் நாட்களில் அறை 15 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 முதல் 90 சதவீதம். குளிரை மலை பார்த்துக்கொள்கிறது. ஈரத்துக்குப் பனிபோலத் தண்ணீர் தூவும் ஒரு ஃபாகர் பம்பு வைத்திருக்கிறோம். அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்தே ஈரம் போதுமா என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் கை வரவில்லை, அதனால் சென்சார்.

ஒரு ஆபீசில் கழித்துவிட்ட மினி பிசி, டெபியன் 12, பைதான் 3.11. மூன்று அறை சென்சார்களும் ஒரே ஆர்எஸ்-485 ஒயரில் வருகின்றன. ஃபாகரை ஆன், ஆஃப் செய்வது லேனில் போட்ட ஒரு ரிலே போர்டு. பிசியும் நெட்வொர்க் ஸ்விட்சும் 600 வி.ஏ. யூபிஎஸ்ஸில். ரிலே போர்டும் பம்பும் வீட்டு இன்வெர்ட்டரில். இந்தப் பிரிவினைதான் வினையாகிவிட்டது, கீழே சொல்கிறேன்.

புரோகிராம் சிஸ்டம்டி (பின்னணி வேலைகளைக் கிளப்பி நிறுத்தும் மேலாளர்) பார்த்துக்கொள்ளும் சர்வீஸாக ஓடுகிறது. 5 நிமிடத்துக்கு ஒரு முறை சென்சார்களைப் படிக்கும். ஈரம் 85-க்குக் கீழே போனால் ஃபாகர் ஆன், 90 தொட்டால் ஆஃப். படித்த எண்களை ஒரு லிஸ்டில் வைத்திருந்து அரை மணிக்கு ஒரு முறை சிஎஸ்வி கோப்பில் எழுதும். டிஸ்க் பழசு, அடிக்கடி எழுதித் தேய வேண்டாமே என்று அப்படி வைத்தேன். முடியும்போது செய்ய வேண்டியவை இரண்டு: மிச்ச எண்களைக் கோப்பில் எழுதுவது, அப்புறம் ஃபாகரை ஆஃப் செய்வது. இரண்டும் அதே வரிசையில், முடியும்போது கடைசியாக ஓடும் ஃபைனலி பகுதிக்குள் இருக்கின்றன.

சிக்டெர்ம், அதாவது ‘முடித்துக்கொள்’ என்ற சிக்னல், வந்தால் பைதான் ஃபைனலியைத் தொடாமலே செத்துவிடும் என்று படித்ததால், அந்தச் சிக்னல் வந்தால் ஓடும்படி ஒரு ஹேண்ட்லரும் எழுதினேன். ‘நிறுத்து’ என்ற மாறியை உண்மை ஆக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. லூப் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாறியைப் பார்க்கும். சுற்று முடிந்ததும் 300 நொடி ஸ்லீப்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மழையில் மேலே ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்து ராத்திரி கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி இறங்கியதும் பிசி அணைந்துவிட்டது. ஃபாகர் அந்த நேரத்தில் ஆனில் இருந்திருக்கிறது. அதை ஆஃப் செய்ய ஆளில்லை, இன்வெர்ட்டர் தாராளமாக ஓட்டிக்கொண்டே இருந்தது. காலையில் அம்மா கதவைத் திறந்தால் காளான் தொப்பியெல்லாம் தண்ணீர் முத்து. இரண்டே நாளில் பழுப்புப் புள்ளி. ஈரம் காயாமல் நின்றால் வரும் பாக்டீரியா புள்ளி நோய்தான், வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். 40 கிலோவைக் குழியில் கொட்டினோம்.

இப்போது கேள்வி. கண்ட்ரோல்-சி அடித்தால் புரோகிராம் சமர்த்தாக நிற்கிறது, கோப்பும் முழுசு, ஃபாகரும் ஆஃப். ஆனால் பவர்ஆஃப் கட்டளை கொடுத்தால் அப்படி இல்லை. பத்து தடவை கொடுத்துப் பார்த்து நோட்டில் எழுதினேன். கோப்பு முழுசாக இருந்தது 3 தடவை. ஃபாகர் ஆஃப் ஆனது 1 தடவை. கோப்பு முழுசாக இல்லாத ஏழு தடவையும் பிசி அணையவே ஒன்றரை நிமிடம் ஆகிறது. திரையில் ‘ஸ்டாப் ஜாப் ரன்னிங்’ என்று ஒரு வரி நின்று நொடி எண்ணுகிறது.

ஒரே புரோகிராம், ஒரே கட்டளை. ஏன் ஒரு சமயம் ஒன்று, இன்னொரு சமயம் இன்னொன்று?

மேட்டுப்பாளையம் பேனல் எழுதியது:

அம்மணி, நான் எலக்ட்ரீஷியன், உங்கள் பைதான் பாம்பெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆனால் ஒன்று சொல்கிறேன். தண்ணீர் விடுகிற எதையும் கம்ப்யூட்டர் நல்லபடியாகச் செத்தால்தான் நிற்கும் என்று வைக்கக் கூடாது. அந்த ஃபாகர் லைனில் ஒரு ஆஃப்-டிலே டைமர் போடுங்கள். கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப உசுப்பினால்தான் பம்பு ஓடணும். உசுப்பல் நின்று பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆனால் தானாக நின்றுவிடணும். ஆயிரம் இரண்டாயிரத்தில் முடிகிற வேலையை விட்டுவிட்டு 40 கிலோ காளானைக் கொட்டியிருக்கிறீர்களே.

குன்னூர்ப் பழசு எழுதியது:

பேனல்காரர் சொன்னதை முதலில் செய்து விடுங்கள் அம்மா. அது இருந்தாலும் உங்கள் கேள்வி கேள்விதான், அதுவும் நல்ல கேள்வி. பத்து தடவை செய்து நோட்டில் எழுதியவர் என்பதால் விடையை அந்த நோட்டிலிருந்தே எடுக்கலாம்.

பத்தில் மூன்று என்கிறீர்கள். உங்கள் ஸ்லீப் 300 நொடி. சிஸ்டம்டி ஒரு சர்வீஸை நிறுத்தும்போது சிக்டெர்ம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நேரம், நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 90 நொடி. அதற்குள் முடியாவிட்டால் சிக்கில், அதாவது கேட்காமல் கொல்லும் சிக்னல். 90-ஐ 300-ஆல் வகுத்தால் 0.3. அந்த மூன்று தடவையும் உங்கள் புரோகிராமின் தூக்கத்தில் கடைசி 90 நொடிக்குள் பவர்ஆஃப் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற ஏழில் தூக்கம் தீர்வதற்குள் கெடு தீர்ந்துவிட்டது. திரையில் நொடி எண்ணியது அந்தக் கெடுவைத்தான். அடுத்த முறை கிளப்பியதும், ஜர்னல்சிடிஎல் கட்டளையில் ‘மைனஸ் பி மைனஸ் 1’ போட்டு முந்தின பூட்டின் பதிவைப் பாருங்கள். உங்கள் சர்வீஸின் பெயரோடு ‘ஸ்டேட் ஸ்டாப்-சிக்டெர்ம் டைம்ட் அவுட், கில்லிங்’ என்று இருக்கும்.

ஹேண்ட்லர்தான் இருக்கிறதே, சிக்னல் வந்தால் ஸ்லீப் கலையாதா என்று கேட்பீர்கள். பைதான் 3.5-க்கு முன்னால் கலைந்தது. 3.5-இல் மாற்றிவிட்டார்கள், பெப் 475 என்ற முடிவு அது. இப்போது ஸ்லீப்பின் நடுவில் சிக்னல் வந்தால் ஹேண்ட்லர் ஓடும். ஹேண்ட்லர் எக்ஸப்ஷன் (ஓட்டத்தை அறுக்கும் பிழை அறிவிப்பு) எதுவும் எழுப்பாமல் திரும்பினால் ஸ்லீப் மிச்சமிருக்கும் நொடிகளைத் தூங்கி முடிக்கும். கண்ட்ரோல்-சி வேறு கதை. அது சிக்இன்ட். அதற்குப் பைதான் தானாகவே கீபோர்ட்இன்டரப்ட் என்ற எக்ஸப்ஷனை எழுப்புகிறது, அதனால் தூக்கம் அறுந்து நேராக ஃபைனலிக்குப் போய்விடுகிறது. நீங்கள் சோதித்தது ஒரு சிக்னலை, மாட்டிக்கொண்டது வேறொரு சிக்னலில்.

எங்கள் வீடு ஸ்டேஷனுக்கு மேலே. மலை ரயில் கல்லாறிலிருந்து ஏறி வரும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். டிரைவர் விசில் கொடுத்தால் பெட்டி தானாக நின்றுவிடாது. விசிலைக் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர்தான் போட வேண்டும். சிக்டெர்ம் அந்த விசில். உங்கள் பிரேக்ஸ்மேன் விசிலைக் கேட்டார், ‘கேட்டேன்’ என்று சீட்டில் எழுதியும் வைத்தார், மறுபடி படுத்துவிட்டார். சிக்கில் விசில் இல்லை. அதைப் பிடிக்கவோ ஒதுக்கவோ எந்த புரோகிராமாலும் முடியாது. புரோகிராமுக்குச் சேதியே போகாமல் சிஸ்டத்தின் மையமான கெர்னலே முடித்துவிடும்.

சரி, மருந்து. ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். த்ரெடிங் மாட்யூலில் ஈவன்ட் என்று ஒன்று உண்டு. ‘நிறுத்து’ என்பதை மாறியாக வைக்காமல் ஈவன்டாக வையுங்கள். ஹேண்ட்லருக்குள் அதன் ‘செட்’டைக் கூப்பிடுங்கள். லூப்பில் ஸ்லீப் இருந்த இடத்தில் அதன் ‘வெயிட்’டை 300 என்று கொடுத்துக் கூப்பிடுங்கள். சிக்னல் வராவிட்டால் 300 நொடி அப்படியே காத்திருக்கும், வந்தால் அந்த நொடியே திரும்பும். மூன்று வரி மாற்றம்.

ஹேண்ட்லருக்குள்ளேயே கோப்பை எழுதி முடித்துவிடலாமே என்று சிலர் செய்வார்கள். வேண்டாம். லூப் ஒரு வரியைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது ஹேண்ட்லர் இடையில் புகுந்து இன்னொரு வரியை எழுதினால் கோப்பு என்ன ஆகும்? சி மொழியில் இது இன்னும் மோசம், ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப், மாலக் கூடக் கூப்பிடக் கூடாது. கொடியைத் தூக்குவதோடு ஹேண்ட்லரின் வேலை முடிந்துவிட வேண்டும். நீங்கள் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், கொடியைப் பார்க்கிற ஆள்தான் தூங்கிவிட்டார்.

சென்சார் ஒயர் வந்து சேரும் சீரியல் போர்ட்டையும் பாருங்கள். அதைப் படிக்கும் பைசீரியல் என்ற பைதான் மாட்யூலில் டைம்அவுட் கொடுக்காவிட்டால், கேட்ட பைட்டுகள் வரும்வரை படிப்பது திரும்பவே திரும்பாது. ஒரு சென்சார் ஒயர் கழன்ற அன்று பவர்ஆஃப் கொடுத்தால் இதே 90 நொடி கதை. 1 நொடி கொடுங்கள்.

அரை மணி நேர எண்களை நினைவில் வைத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 288. இதனால் எந்த டிஸ்க்கும் தேயாது, சிஸ்டத்தின் ஜர்னல் அதைவிட அதிகம் எழுதிக்கொண்டிருக்கும். படித்தவுடன் ஒரு வரி எழுதி ஃப்ளஷ் செய்யுங்கள். ஃப்ளஷ் ஆனது கெர்னல் கைக்குப் போய்விடும், அதற்குப் பிறகு உங்கள் புரோகிராமை யார் கொன்றாலும் அந்த வரி பிழைக்கும். கரண்டே சட்டென்று போனால்தான் ஆபத்து, கெர்னல் அதை டிஸ்க்குக்குத் தள்ள அரை நிமிடம்வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் பயந்தால், உடனே டிஸ்க்குக்குத் தள்ளச் சொல்லும் எஃப்சிங்க் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நோட்டில் இன்னொரு எண் உறுத்துகிறது. கோப்பு 3, ஃபாகர் 1. ஃபைனலிக்குள் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்போது இரண்டும் மூன்றாக அல்லவா இருக்க வேண்டும்? முதலில் ஸ்லீப்பை மாற்றிவிட்டு மறுபடி பத்து தடவை செய்து எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

ரூட்டு தல எழுதியது:

இவ்வளவு நீட்டுவானேன்? யூபிஎஸ் ஸ்கிரிப்டில் கில் மைனஸ் 9, அதான் அந்த சிக்கில், போட்டு புரோகிராமைக் கொன்றுவிட்டு ரிலேவைத் தனியாக ஆஃப் பண்ணு. முடிந்தது.

குன்னூர்ப் பழசு எழுதியது:

தம்பி, யூபிஎஸ் சொல்லி அணையும்போது மட்டும்தான் அந்த ஸ்கிரிப்ட் ஓடும். அப்டேட் போட்டு ரீபூட் செய்கிற அன்றைக்கு? ‘ரிலேவைத் தனியாக ஆஃப் பண்ணு’ என்றதில் மட்டும் விஷயம் இருக்கிறது, அதற்கு சிஸ்டம்டியிலேயே இடம் உண்டு. அதற்கு வருகிறேன்.

கேத்தி காளான்காரி எழுதியது:

பேனல் அண்ணா, டைமருக்குச் சொல்லியாயிற்று. குன்னூர்க் கடையில் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்.

ஐயா, நீங்கள் சொன்ன வரி ஜர்னலில் அப்படியே இருந்தது. ஏழு தடவைக்கு ஏழு வரி. 90-ஐ 300-ஆல் வகுத்ததைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் அம்மா என்னவென்று கேட்டார். சொன்னேன், புரியவில்லை, ஆனால் அவரும் சிரித்தார்.

ஈவன்ட் வைத்தாயிற்று. சீரியல் டைம்அவுட் 1 நொடி. ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி ஃப்ளஷ். பிசி இப்போது பத்து நொடிக்குள் அணைகிறது. மறுபடி பத்து தடவை:

கோப்பு முழுசு: 10.
ஃபாகர் ஆஃப்: 4.

நீங்கள் உறுத்துகிறது என்றது இதுதான் போல. வேடிக்கை என்னவென்றால், சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் என்று சர்வீஸை மட்டும் நிறுத்தினால் ஃபாகர் பத்துக்குப் பத்து ஆஃப் ஆகிறது. பவர்ஆஃப் என்றால்தான் இப்படி. அதே சிக்டெர்ம்தானே போகிறது?

குன்னூர்ப் பழசு எழுதியது:

சிக்னல் அதேதான், சுற்றியிருக்கும் உலகம் வேறு. சர்வீஸை மட்டும் நிறுத்தும்போது மற்ற எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பவர்ஆஃப் என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விசில். உங்கள் புரோகிராம் ‘ஃபாகரை ஆஃப் செய்’ என்று ரிலே போர்டுக்குச் சொல்லப் போகும்போது, நெட்வொர்க்கை நிறுத்துகிறவர் லேன் போர்ட்டை ஏற்கெனவே இறக்கிவிட்டிருப்பார். யார் முந்துகிறார்கள் என்பது ஓட்டப் பந்தயம். நாலு தடவை நீங்கள் ஜெயித்தீர்கள். பழைய புரோகிராம் ஒரு நிமிடம் தூங்கிவிட்டு வந்ததால் அநேகமாக எப்போதும் தோற்றது.

சிஸ்டம்டிக்கு உங்கள் சர்வீஸைப் பற்றிச் சொல்லும் யூனிட் கோப்பில் ‘ஆஃப்டர்’ என்ற வரியே இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். அது கிளம்பும் வரிசைக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சிஸ்டம்டி கிளப்பும்போது எந்த வரிசையோ, அணைக்கும்போது அதற்கு நேர் தலைகீழ். ‘ஆஃப்டர்’ போட்டு ‘நெட்வொர்க்.டார்கெட்’ என்று எழுதினால், நீங்கள் முழுசாக நின்று முடிக்கும்வரை நெட்வொர்க்கை இறக்க மாட்டார்கள். சொல்லப்போனால் அந்த நெட்வொர்க்.டார்கெட் என்பது கிளம்பும்போது பெரிதாக எதற்கும் உறுதி தருவதில்லை, அணைக்கும் வரிசைக்காகத்தான் முக்கியமாக அது இருக்கிறது. யூனிட்டுகளுக்கு இடையே வரிசை சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தும்.

ஃபைனலிக்குள் இரண்டு வேலைகளின் இடத்தையும் மாற்றுங்கள். ஃபாகர் முதலில், கோப்பு பிறகு. ஃபாகர் வேலை தனி ட்ரைக்குள் இருக்கட்டும், ரிலே போர்டோடு பேசும் சாக்கெட்டுக்கு 3 நொடி டைம்அவுட் வையுங்கள். அது பதில் சொல்லாவிட்டால் கோப்பு வேலை நின்றுபோகக் கூடாது. இனி கோப்பில் அதிகபட்சம் ஒரு வரிதான் பாக்கி இருக்கும், அது போனாலும் காளானுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் அந்தத் தம்பி தற்செயலாகத் தொட்ட விஷயம். யூனிட் கோப்பில் ‘எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்’ என்று ஒரு வரி வைக்கலாம். அதில் ரிலேவை ஆஃப் செய்துவிட்டு முடிந்துபோகும் ஒரு குட்டி ஸ்கிரிப்டைக் கொடுங்கள், பத்து வரி போதும். சர்வீஸ் நல்லபடியாக நின்றாலும் ஓடும், உங்கள் பைதான் ஏதோ எக்ஸப்ஷனில் தானாக விழுந்து செத்தாலும் ஓடும், சிக்கில் வாங்கினாலும் அதற்குப் பிறகு ஓடும். பெரிய புரோகிராம் ஒழுங்காக முடிந்ததா என்ற கவலையே அதற்கு இல்லை. அது ஓடி முடியும்வரை சர்வீஸ் நின்றதாகக் கணக்கு இல்லை, அதனால் அந்த ‘ஆஃப்டர்’ வரி இதற்கும் காவல். ரிலேவை இரண்டு தடவை ஆஃப் செய்வதால் நஷ்டமில்லை.

அந்த 90 நொடிக் கெடுவை வைக்கும் ‘டைம்அவுட்ஸ்டாப்செக்’ என்பதை 15 ஆக்குங்கள். 90 நொடி என்பது டேட்டாபேஸ் மாதிரி பெரிய சமாச்சாரங்களுக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிஸ்டம்டிக்கு முன்பிருந்த பழைய இனிட், ரன்லெவல் மாறும்போது சிக்டெர்ம் போட்டு 5 நொடிதான் பொறுக்கும், அடுத்தது சிக்கில். அதிலேயே எல்லோரும் வாழ்ந்தோம், கொஞ்சம் திட்டிக்கொண்டே.

கடைசியாக யூபிஎஸ். ‘பேட்டரி இறங்கியதும்’ என்று எழுதியிருந்தீர்கள். யூபிஎஸ்ஸைக் கவனித்து பிசியை அணைக்க நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்தானே வைத்திருக்கிறீர்கள்? அதை அப்படியே விட்டால் யூபிஎஸ் ‘பேட்டரி கம்மி’ என்று சொல்லும்வரை காத்திருக்கும். பேட்டரி புதுசாக இருந்தால் அது சரி. ஈய அமில பேட்டரி இரண்டு மூன்று வருடம் ஆனதாக இருந்து, கேத்திக் குளிரும் சேர்ந்தால், அந்த அறிவிப்புக்கும் முழு இருட்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். உங்கள் பழைய 90 நொடி அதற்குள் எங்கே அடங்கும்? யூபிஎஸ்ஷெட் என்ற துணை புரோகிராமை வைத்து, பேட்டரிக்கு மாறி 3 நிமிடம் ஆனால் அணைத்துவிடு என்று வையுங்கள். கம்மியாகும்வரை இழுக்க வேண்டாம்.

மேட்டுப்பாளையம் பேனல் எழுதியது:

குளிரில் பேட்டரி படுத்துக்கொள்ளும் என்பது நிஜம்ங்க. கீழே எங்கள் ஊரில் இருபது நிமிஷம் ஓடுகிற யூபிஎஸ்ஸை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு கம்ப்ளெய்ண்ட் சொல்வார்கள். அம்மணி, அதைத் தரையில் வைக்காதீர்கள், பலகை போட்டு மேலே வையுங்கள்.

கேத்தி காளான்காரி எழுதியது:

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் ஐயா. யூனிட் கோப்பில் ‘ஆஃப்டர்’ வரி இல்லவே இல்லை. சேர்த்தேன், பத்து தடவை செய்தேன்: கோப்பு 10, ஃபாகர் 10. நம்பாமல் இன்னும் பத்து: 10, 10.

எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்டைச் சோதிக்க நானே கில் மைனஸ் 9 அடித்தேன் (ரூட்டு தல அண்ணாவுக்கு நன்றி). பைதான் செத்தது, குட்டி ஸ்கிரிப்ட் வந்து ஃபாகரை அணைத்துவிட்டுப் போனது. அம்மா பக்கத்தில் நின்று பம்பு சத்தம் நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டைமரும் வந்துவிட்டது. 12 நிமிடம் வைத்திருக்கிறேன். 5 நிமிடத்துக்கு ஒரு முறை புரோகிராம் உசுப்புவதால் ஒரு தடவை தவறினாலும் பம்பு நிற்காது, இரண்டு தடவை தவறினால் நின்றுவிடும்.

நேற்று ராத்திரி சோதனையும் தானாக நடந்தது. 2.14-க்குக் கரண்ட் போனது. 2.17-க்கு அணையச் சொல்லி உத்தரவு. ஃபாகர் ஆஃப் என்று ரிலே போர்டு பதில் சொன்னதற்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு நொடி. கடைசி வரி கோப்பில் இருக்கிறது.

ஒரே ஒரு குறை. வீட்டு கடிகாரம் மினுக்கியதை வைத்துப் பார்த்தால் கரண்ட் 2.19 வாக்கில் வந்திருக்கிறது. பிசி காலை வரை அணைந்தே கிடந்தது. பயாஸில் ‘கரண்ட் வந்தால் தானாகக் கிளம்பு’ என்று வைத்திருக்கிறேன், இருந்தும் கிளம்பவில்லை.

குன்னூர்ப் பழசு எழுதியது:

பிசியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை அம்மா, பின்னே எப்படி வரும்? அது அணைந்தபோது யூபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. 2.19-க்கு யூபிஎஸ் மெயினுக்குத் திரும்பியது. பிசியின் பிளக்கில் நடுவே ஒரு நொடிகூட இருட்டு இல்லை. பயாஸ் எதிர்பார்ப்பது போய்த் திரும்புகிற கரண்டை.

இதற்காகவே அணையும் கடைசிக் கட்டத்தில், கோப்பு முறைமைகளையெல்லாம் பூட்டி முடித்த பிறகு, யூபிஎஸ்ஸுக்கே ‘உன் வெளியீட்டை வெட்டு’ என்று கட்டளை போக வேண்டும். அதே டூல்ஸில் உள்ள யூபிஎஸ்மான் புரோகிராமின் அமைப்புக் கோப்பில் ‘பவர்டவுன்ஃப்ளாக்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அதில் சொன்ன இடத்தில் ஒரு கொடிக் கோப்பை வைத்துவிட்டு அணையும். கடைசியில் அந்தக் கொடியைப் பார்த்தால் யூபிஎஸ்ஸை வெட்டச் சொல்வார்கள். கரண்ட் திரும்பி வந்திருந்தாலும் யூபிஎஸ் ஒரு தடவை வெட்டிவிட்டு மறுபடி கொடுக்கும், பயாஸ் விழித்துக்கொள்ளும். எல்லா மலிவு யூபிஎஸ்ஸும் இதற்குக் கட்டுப்படாது, உங்களுடையது கட்டுப்படுகிறதா என்று பகலில், காளான் அறை காலியாக இருக்கும்போது பாருங்கள்.

கேத்தி காளான்காரி எழுதியது:

வரி இருந்தது, முன்னால் ஒரு ஹாஷ் போட்டுக் கிடந்தது. எடுத்துவிட்டேன். அம்மாவை மெயின் ஸ்விட்ச் பக்கம் நிறுத்தி, நான் மாடியில் திரையைப் பார்த்துக்கொண்டு, மூன்றாவது நிமிடம் அணைய ஆரம்பித்ததும் ‘போடுங்கம்மா’ என்று கத்தினேன். போட்டார். பிசி அணைந்தது, யூபிஎஸ் ‘டக்’ என்று வெட்டியது, கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொடுத்தது, பிசி கிளம்பியது. முதல் வரி 87.

அம்மா போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, 87 எல்லாம் இருக்காது, 85-தான் இருக்கும் என்கிறார். சென்சாரைக் கழற்றித் துடைக்கப் போகிறேன்.